மென்மையே வலிமை: ஆசிய விளையாட்டு விழாவில் ஜுஜிட்சு

முன்னுரை

மற்போர் தமிழர்க்குப் புதியதன்று. நம் அன்றாடப் பேச்சிலேயே அதன் சுவடுகள் நிறைந்து கிடக்கின்றன. தேர்தலில் நிற்பவர் 'கோதாவில் இறங்கினார்' என்கிறோம். தோற்றவர் 'மண்ணைக் கவ்வினார்' என்கிறோம். எளிதில் உடன்படாதவர் 'பிடி கொடுக்காமல்' பேசுகிறார். வழக்குமன்றத்தில் வல்ல வழக்கறிஞர் 'கிடுக்கிப்பிடி' போடுகிறார். தோல்வியை ஒப்புக்கொள்ள மனமில்லாதவனைப் பற்றி, 'குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்றானாம்' என்று ஒரு பழமொழியும் நம்மிடையே வழங்குகிறது.

இவ்வழக்குகள் அனைத்திலும் ஒரு கருத்து அடங்கியுள்ளது. தரையில் விழுந்தவன் தோற்றவன் என்பதே அது. நம் நாட்டுக் குஸ்தியிலும் முதுகு மண்ணில் பட்டால் போட்டி முடிந்தது. ஆனால், விழுந்த பிறகே போட்டி உண்மையில் தொடங்குகிறது என்று கருதும் ஒரு மற்கலையும் உலகில் உண்டு. அதில் முதுகு தரையில் பட்டுக் கிடப்பவனே வெல்லவும் கூடும். மீசையில் ஒட்டிய மண்ணை மறைக்காமல் காட்டுவதே அதன் முதற்பாடம். அக்கலையே ஜுஜிட்சு.

2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற 18ஆம் ஆசிய விளையாட்டு விழாவில் ஜுஜிட்சு முதன்முறையாகப் பதக்கப் போட்டியாக இடம்பெற்றது. அக்கலை எங்குப் பிறந்தது, எவ்வழியே பயணம் செய்து ஆசிய அரங்கை அடைந்தது, அதன் போட்டி முறை யாது, அவ்வரங்கில் நிகழ்ந்தது என்ன, அது எழுப்பும் வினாக்கள் எவை என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பெயரும் பொருளும்

ஜுஜிட்சு என்பது ஜப்பானியச் சொல். 'ஜு' என்பதற்கு மென்மை, வளைந்து கொடுத்தல் என்று பொருள். அதனுடன் இணைந்துள்ள பின்சொல் கலை அல்லது நுட்பம் எனப் பொருள்படும். எனவே 'வளைந்து கொடுக்கும் கலை' எனத் தமிழில் கூறலாம். சண்டைக் கலைக்கு மென்மை என்று பெயரிட்டது வியப்பாகத் தோன்றலாம். ஆற்று வெள்ளத்தில் நிமிர்ந்து நின்ற மரம் வேரோடு சாய, வளைந்த நாணல் வெள்ளம் வடிந்தபின் நிமிர்ந்து நிற்பதை எண்ணிப் பார்த்தால் அப்பெயரின் பொருத்தம் விளங்கும். எதிரி தள்ளும்போது எதிர்த்துத் தள்ளாமல் பின்வாங்கி இழுத்தால், அவனுடைய வலிமையே அவனை வீழ்த்தும். இதுவே இக்கலையின் அடிப்படை.

ஜப்பானில் சாமுராய் எனப்பட்ட போர்வீரர்களிடையே இக்கலை வளர்ந்தது. வாளை இழந்த வீரன் கவசம் அணிந்த பகைவனை நெருங்க நேர்ந்தால் குத்துவதாலும் உதைப்பதாலும் பயனில்லை. கவசத்தின்மேல் பட்டுக் கைதான் நோகும். ஆனால் எந்தக் கவசமும் மூட்டுகளை மடங்காதபடி மூட இயலாது. ஆகவே வீழ்த்துதல், மூட்டுகளை முறுக்குதல், கழுத்தை நெருக்குதல் ஆகியவை முதன்மை பெற்றன. 1532ஆம் ஆண்டில் தோன்றியதாகக் கூறப்படும் தகெனோஉச்சி மரபு, இக்கலையின் மிகப் பழைய பள்ளிகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

1868ஆம் ஆண்டு மெய்ஜி ஆட்சி மலர்ந்தபின் ஜப்பான் மேலைநாட்டு முறைகளை நோக்கி விரைந்தது. 1876ஆம் ஆண்டு பொதுவிடங்களில் வாள் தாங்குவது தடை செய்யப்பட்டது. சாமுராய் வகுப்பு தன் சிறப்புரிமைகளை இழந்தது. பழைய போர்க்கலைகளைக் கற்க விரும்புவோர் அருகினர். ஜுஜிட்சு ஆசிரியர் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுப் பிழைத்தனர். மூட்டை முறிக்கக் கற்ற கைகள் மூட்டைப் பொருத்தி வயிறு வளர்த்த காலம் அது.

ஜிகோரோ கானோ செய்த மாற்றம்

அக்காலத்தில் இக்கலையைத் தேடிச் சென்ற இளைஞர் ஜிகோரோ கானோ. 1860ஆம் ஆண்டு பிறந்த இவர் மெலிந்த உடலினர். பள்ளியில் வலிய மாணவர்களின் கொடுமைக்கு ஆளானவர். எலும்பு கட்டும் மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டே ஜுஜிட்சு ஆசிரியரைக் கண்டடைந்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. 1882ஆம் ஆண்டு தோக்கியோ நகரில் எய்ஷோஜி என்னும் கோயிலின் ஒரு பகுதியில், 12 பாய்கள் விரித்த சிற்றிடத்தில், கோடோகான் என்னும் தம் பயிற்சிக் கூடத்தை நிறுவினார். அவர் வகுத்த முறையே ஜூடோ எனப் பெயர் பெற்றது.

கானோ செய்த மாற்றம் ஊன்றி நோக்கத்தக்கது. உயிருக்கு ஊறு செய்யும் அடிகளை மெய்யான பயிற்சியில் செய்து பார்க்க இயலாது. பாவனையாக மட்டுமே செய்யலாம். பாவனையாகக் கற்ற கலை தேவைப்படும் வேளையில் கைகொடுக்குமா என்பது ஐயமே. எனவே, தீங்கு தரும் நுட்பங்களை விலக்கி, எஞ்சியவற்றை இருவரும் முழு வலிமையுடன், விட்டுக்கொடுக்காமல் பயிலும் முறையை அவர் முதன்மைப்படுத்தினார். கொடுமையைக் குறைத்ததால் கலை நலிந்துவிடவில்லை. மெய்யாகப் பயில முடிந்ததால் கூர்மையே பெற்றது. இன்று உலக அரங்குகளில் நாம் காணும் ஜுஜிட்சுப் போட்டியும் இக்கருத்தின்மீதே நிற்கிறது.

கடல் கடந்த கலை

கோடோகானில் பயின்றவருள் ஒருவர் மித்சுயோ மயேதா. 1878ஆம் ஆண்டு பிறந்த இவர் அமெரிக்கா, ஐரோப்பா முதலிய இடங்களில் மற்போர்க் காட்சிகள் நடத்தி, 1914ஆம் ஆண்டு பிரேசில் நாட்டை அடைந்தார். பின்னர் அந்நாட்டின் வடபால் உள்ள பெலேம் நகரில் குடியமர்ந்தார். ஜூடோ என்னும் பெயர் பரவாத காலமாதலின் அவர் கற்பித்தது ஜுஜிட்சு என்றே அங்கு வழங்கியது. அவரிடம் பயின்ற இளைஞர் கார்லோஸ் கிரேசி. கார்லோசும் அவர் உடன்பிறந்தாரும் ரியோ டி ஜெனிரோ நகரில் பயிற்சிக் கூடம் நடத்தினர். இளவலாகிய எலியோ கிரேசி மெலிந்தவர். வலிமை குறைந்தவன் தரையில் கிடந்தவாறே வலியவனை எவ்வாறு தடுக்கலாம், களைப்படையச் செய்யலாம், வெல்லலாம் என்பதையே இக்குடும்பத்தினர் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டனர். அதன் விளைவாகத் தோன்றியதே பிரேசில் ஜுஜிட்சு.

முதலாம் ஆசிய விளையாட்டு விழா புதுதில்லியில் நடைபெற்ற 1951ஆம் ஆண்டிலேயே, உலகின் மறுகோடியில், ரியோவின் மரக்கானா அரங்கில் ஒரு போட்டி நிகழ்ந்தது. ஜப்பானின் புகழ்பெற்ற ஜூடோ வீரர் மசாகிகோ கிமுராவும் எலியோ கிரேசியும் மோதினர். உடல் எடையிலும் வலிமையிலும் கிமுரா மிக்கவர். அவர் எலியோவின் கையைப் பின்புறமாக மடக்கிப் பூட்டினார். கை முறிந்தது. எலியோ தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. தமையனார் கார்லோசே முன்வந்து போட்டியை நிறுத்தினார். தோற்ற குடும்பத்தார் வென்றவரைப் பழிக்கவில்லை. தம்மை வென்ற அந்தப் பூட்டுக்குக் 'கிமுரா' என்றே பெயரிட்டு வழங்கினர். இன்றும் உலகெங்கும் அதற்கு அப்பெயரே. பகைவன் திறமைக்கு அவன் பெயரையே சூட்டிப் போற்றிய இச்செயல் உயரியது. எனினும், கை முறியும்வரை ஒப்புக்கொள்ளாமை வீரமா என்னும் வினா இங்கே எழுகிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

பாலைநிலத்தில் வேரூன்றல்

பிரேசிலில் வளர்ந்த கலை மீண்டும் ஆசியாவில் ஆழ வேரூன்றிய இடங்களுள் ஒன்று அபுதாபி. ஐக்கிய அரபு அமீரகத்தின் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஷேக் தஹ்னூன் பின் சாயித் அமெரிக்காவில் பயின்ற காலத்தில் இக்கலையில் ஈடுபாடு கொண்டார். அவர் முயற்சியால் 1998ஆம் ஆண்டு அபுதாபியில் பன்னாட்டு மற்போர்ப் போட்டி தொடங்கியது. 2008ஆம் ஆண்டு அபுதாபியின் பள்ளிகளில் ஜுஜிட்சு பாடமாகவே புகுத்தப்பட்டது. பிரேசில் நாட்டுப் பயிற்றுநர் பலர் அழைக்கப்பெற்றனர். சிறுவரோடு சிறுமியரும் பயின்றனர். தலையை மூடும் துணி அணிந்தவாறே பெண்கள் விரிப்பில் இறங்கிப் பொருதும் காட்சி இன்று அந்நாட்டில் இயல்பானதாகிவிட்டது.

ஒரு நாடு ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுத்துப் பள்ளி நிலையிலிருந்து வளர்த்தால் பத்தாண்டுக்குள் என்ன பயன் விளையும் என்பதற்கு அமீரகம் நல்ல எடுத்துக்காட்டு. 2008இல் பள்ளியில் விதைத்தது 2018இல் ஆசிய அரங்கில் கதிர் முற்றியது.

இதற்கிடையே பன்னாட்டு அளவிலும் இவ்விளையாட்டு வளர்ந்து வந்தது. ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுகளுக்கென நடத்தப்படும் உலக விளையாட்டு விழாவில் 1997ஆம் ஆண்டு ஜுஜிட்சு இடம்பெற்றது. ஒலிம்பிக்கில் அது இடம்பெற்றதில்லை. அதன் வழித்தோன்றலாகிய ஜூடோவோ 1964ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கிலேயே நுழைந்துவிட்டது. தாய்க்கு முன்னே மகள் அரங்கேறிவிட்டாள் எனலாம்.

போட்டி முறை

ஜுஜிட்சுப் போட்டிகள் பல வகையின. குத்து, உதை, வீழ்த்தல், தரைப்பிடி ஆகிய அனைத்தும் அடங்கிய வகை ஒன்று. இருவர் இணைந்து தற்காப்பு நுட்பங்களைச் செய்து காட்டும் வகை மற்றொன்று. அடியோ உதையோ இன்றிப் பிடிகளால் மட்டுமே பொருதும் வகை மூன்றாவது. இதனை ஜப்பானியர் 'நே வாசா' என்பர். தரைநிலை நுட்பம் என்பது பொருள். ஆசிய விளையாட்டு விழாவில் இடம்பெற்றது இம்மூன்றாம் வகையே.

வீரர் இருவரும் தடித்த பருத்தியாலான மேலங்கியும் காற்சட்டையும் அணிந்து, இடையில் பட்டை கட்டி, மெத்தென்ற விரிப்பின்மேல் எதிரெதிரே நிற்பர். ஒருவர் மற்றவருடைய அங்கியின் கழுத்துப்பட்டியையும் கைப்பகுதியையும் பற்றலாம். போட்டிக்குரிய நேரம் 6 நிமிடம். குத்துதல், உதைத்தல், கடித்தல், கண்ணைத் தாக்குதல், விரலை முறித்தல், எதிரியைத் தூக்கித் தரையில் அறைதல் ஆகியன விலக்கப்பட்டவை.

வெற்றிக்கு வழிகள் இரண்டு. ஒன்று, எதிரியை ஒப்புக்கொள்ளச் செய்வது. மற்றொன்று, நேரம் முடியும்போது மிகுதியான புள்ளிகள் பெற்றிருப்பது.

புள்ளி வழங்கும் முறையை அறிந்தால் இக்கலையின் உள்ளியல்பு புலனாகும். நின்றவனைத் தரையில் வீழ்த்தினால் 2 புள்ளி. குஸ்தியில் இத்துடன் ஆட்டம் முடிந்திருக்கும். இங்கோ இது தொடக்கமே. விழுந்தவன் மல்லாந்து கிடந்தவாறு தன் இரு கால்களாலும் எதிரியை வளைத்துத் தடுக்கிறான். இதனைக் காப்பு நிலை எனலாம். கோட்டை மதில் போன்றது இது. மதிலுக்குள்ளிருந்தே அவன் தாக்கலாம். கால்களால் எதிரியின் நிலையைக் குலைத்துப் புரட்டி மேலே வந்துவிட்டால் அவனுக்கு 2 புள்ளி. மேலே இருப்பவன் அம்மதிலைக் கடந்து பக்கவாட்டில் வந்து அழுத்தினால் 3 புள்ளி. முழங்காலை எதிரியின் வயிற்றின்மேல் ஊன்றி நின்றால் 2 புள்ளி. மார்பின்மேல் ஏறி அமர்ந்தாலோ, முதுகுப்புறம் சென்று கால்களால் கொளுவிப் பிடித்தாலோ 4 புள்ளி. எந்நிலையாயினும் அதனை 3 நொடியாவது நிலைநிறுத்த வேண்டும். கடந்து சென்றால் மட்டும் போதாது. நிலைத்து நிற்க வேண்டும்.

இவ்வரிசை தற்செயலாக அமைந்ததன்று. மெய்யான சண்டையில் எந்நிலை எவ்வளவு ஆபத்தானதோ அவ்வளவு புள்ளி அதற்குத் தரப்படுகிறது. மார்பின்மேல் அமர்ந்தவனுக்கும் முதுகைப் பற்றியவனுக்கும் எதிரி எளிதில் பதில் தர இயலாது. அதனால்தான் அவற்றுக்கு மிகுந்த மதிப்பு. புள்ளிகள் சமமானால், நிறைவேறாது போயினும் நிறைவேறும் தறுவாய்க்கு வந்த முயற்சிகளுக்கெனக் குறிக்கப்படும் சிறு மதிப்புகள் கணக்கில் கொள்ளப்படும். அதுவும் சமமானால் தண்டங்கள் குறைந்தவர் வெல்வார். அதன் பின்னரும் சமமெனில் நடுவரின் தீர்ப்பே முடிவு.

சிறியவன் பெரியவனை வெல்வது எவ்வாறு?

இவ்வினாவுக்கு விடை நெம்புகோலில் உள்ளது. பெரும்பாறையைக் கையால் அசைக்க இயலாதவன் கடப்பாரையால் புரட்டிவிடுகிறான் அல்லவா? கையைப் பூட்டும் பிடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழங்கை மூட்டு கதவின் கீல் போன்றது. ஒரு புறமே மடங்கும். ஜுஜிட்சு வீரன் எதிரியின் ஒரு கையைத் தன் மார்போடு அணைத்து, அம்மூட்டைத் தன் இடுப்பின்மேல் பொருத்தி, இடுப்பை மேல்நோக்கி உயர்த்துகிறான். இப்போது கைக்கும் கைக்கும் போட்டி இல்லை. ஒருவனுடைய முதுகு, தொடை, இடுப்பு ஆகிய அனைத்தின் வலிமையும் மற்றவனுடைய ஒரே ஒரு முழங்கை மூட்டின்மீது சென்று குவிகிறது. 50 கிலோ எடையுள்ளவரின் முழு உடல், 80 கிலோ எடையுள்ளவரின் ஒற்றைக் கையைவிட வலியது. கணக்கு இவ்வளவே.

கழுத்துப் பிடியும் அத்தகையதே. மூச்சுக்குழலை நெரிப்பதன்று இதன் நோக்கம். கழுத்தின் இருபுறமும் மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் நாடிகள் உள்ளன. கால்களாலோ கைகளாலோ அங்கியின் பட்டியாலோ அவ்விரண்டையும் ஒருசேர அழுத்தினால் சில நொடிகளில் நினைவு தப்பும். தசை எவ்வளவு திரண்டிருந்தாலும் இந்நாடிகளுக்குக் கவசம் இல்லை.

இத்தகைய பிடியில் அகப்பட்டவன் தப்ப வழியில்லை என உணர்ந்ததும், எதிரியின் உடலிலோ விரிப்பிலோ கையால் இருமுறை தட்டுகிறான். கை அகப்பட்டிருந்தால் காலால் தட்டலாம், வாயாலும் கூறலாம். தட்டிய அக்கணமே பிடி தளர்கிறது. போட்டி முடிகிறது. இருவரும் எழுந்து வணங்கிக் கைகுலுக்குகின்றனர்.

ஜகார்த்தா, 2018

2018 ஆகஸ்டு 24 முதல் 26 வரை ஜகார்த்தா மாநாட்டு மையத்தில் இப்போட்டிகள் நடைபெற்றன. மொத்தம் 8 எடைப்பிரிவுகள். ஆடவர்க்கு 56, 62, 69, 77, 85, 94 கிலோ என 6 பிரிவுகள்; மகளிர்க்கு 49, 62 கிலோ என 2 பிரிவுகள் மட்டுமே.

அமீரகத்தின் ஹமத் நவாத் 56 கிலோ பிரிவிலும், ஃபைசல் அல் கெத்பி 94 கிலோ பிரிவிலும் தங்கம் வென்றனர். அவ்விழாவில் அமீரகம் பெற்ற பதக்கங்கள் 14. அவற்றுள் 9 ஜுஜிட்சு தந்தவை. மகளிர் 62 கிலோ பிரிவில் தென்கொரியாவின் சுங் கி-ரா தங்கமும், சிங்கப்பூரின் கான்ஸ்டன்ஸ் லியன் வெள்ளியும் பெற்றனர்.

அனைவரையும் வியக்க வைத்தது மகளிர் 49 கிலோ பிரிவு. கம்போடியாவின் ஜெஸ்ஸா கான் என்னும் இளம் வீராங்கனை, இறுதிப் போட்டியில் அமீரகத்தின் மஹ்ரா அல் ஹனாயியை வென்று தங்கம் பெற்றார். 1951 முதல் நடைபெற்று வரும் ஆசிய விளையாட்டு விழாவில் கம்போடியா முதல் தங்கத்தைக் கண்டதே 2014ஆம் ஆண்டில்தான். அதுவும் தேக்வாண்டோவில் ஒரு பெண் வென்றதே. நான்காண்டு கழித்து மீண்டும் ஒரு பெண். ஜெஸ்ஸா கான் அமெரிக்காவில் வளர்ந்தவர். தந்தையார் வழியில் கம்போடியர். போரும் பஞ்சமும் சிதறடித்த மக்களின் அடுத்த தலைமுறை, தந்தையின் நாட்டுக் கொடியை உயரே ஏற்றியது என இதனைக் கொள்ளலாம்.

அதே பிரிவில் பிலிப்பைன்சின் மெகி ஒச்சோவா வெண்கலம் பெற்றார். அப்பெயரை நினைவிற் கொள்க.

ஹாங்சோ, 2023

அடுத்த விழா 2022ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற வேண்டியது. கொரோனா பெருந்தொற்றினால் ஓராண்டு தள்ளி 2023ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நடைபெற்றது. ஜுஜிட்சுப் போட்டிகள் அக்டோபர் 5 முதல் 7 வரை நிகழ்ந்தன. இம்முறையும் 8 பிரிவுகளே. ஆனால் பகிர்வு மாறியிருந்தது. ஆடவர்க்கு 62, 69, 77, 85 கிலோ என 4; மகளிர்க்கு 48, 52, 57, 63 கிலோ என 4. ஆறும் இரண்டுமாக இருந்தது நாலும் நாலுமாகச் சமன் பெற்றது.

இம்மாற்றம் வெறும் எண்ணிக்கை மாற்றம் அன்று. 2018ஆம் ஆண்டில் 50 கிலோ எடையுள்ள பெண் ஒருவர், தம் உடலை வருத்தி ஒரு கிலோவைக் குறைத்து 49 பிரிவில் நுழைய வேண்டும். இன்றேல் 62 கிலோ எடையுள்ளவருடன் மோத வேண்டும். இடையே வேறு வழியில்லை. ஆடவர்க்கோ ஆறு முதல் ஒன்பது கிலோவுக்கு ஒரு பிரிவு இருந்தது. சிறியவர் பெரியவரை வெல்வதற்கென்றே பிறந்த கலை இது என்று கூறி இவ்வேறுபாட்டைத் தள்ளிவிட இயலாது. எதிரிக்கு இக்கலை தெரியாதபோதே அக்கூற்று முழுதும் பொருந்தும். இருவருமே கலை வல்லார் எனின், எடை மீண்டும் தன் வேலையைக் காட்டும். எடைப்பிரிவு சலுகையன்று; நுட்பத்துக்கும் நுட்பத்துக்கும் நேர்மையான போட்டி நடப்பதற்கான ஏற்பாடு. அவ்வேற்பாடு ஆடவர்க்கு ஒருவாறும் மகளிர்க்கு வேறொருவாறும் இருந்தது குறையே. அக்குறை ஹாங்சோவில் பெரிதும் நீங்கியது.

அதன் பயனும் உடனே தெரிந்தது. 48 கிலோ பிரிவில் பிலிப்பைன்சின் மெகி ஒச்சோவா, அமீரகத்தின் பல்கீஸ் அப்துல்லாவை இறுதிப் போட்டியில் வென்று தங்கம் பெற்றார். ஜகார்த்தாவில் வெண்கலத்தோடு திரும்பியவர் ஐந்தாண்டுக்குப் பின் தங்கத்தோடு திரும்பினார். குழந்தைகளுக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமைக்கு எதிராகக் குரல் கொடுத்து வருபவர் அவர் என்பது அவர் வெற்றிக்குத் தனிப்பொருள் தருகிறது. வலிமையற்றோரைக் காப்பதற்கெனக் கற்ற கலை அரங்கத்தோடு நின்றுவிடவில்லை. அடுத்து, 2018இல் இல்லாத 57 கிலோ பிரிவில், அதே நாட்டின் ஆனி ராமிரெஸ் கசக்ஸ்தானின் கலினா துவானோவாவை வென்று தங்கம் பெற்றார். அவ்விழாவில் பிலிப்பைன்சு பெற்ற தங்கம் மொத்தம் 4. அவற்றுள் இரண்டு இவ்விரு பெண்கள் ஈட்டியவை.

அமீரகம் 4 தங்கம் வென்றது. 62 கிலோ பிரிவில் காலித் அல் ஷெஹி, 85 கிலோ பிரிவில் ஃபைசல் அல் கெத்பி ஆகியோருடன், மகளிர் 52 கிலோ பிரிவில் அஸ்மா அல் ஹொசானியும் 63 கிலோ பிரிவில் ஷம்மா அல் கல்பானியும் வென்றனர். அவ்விழா முழுவதிலும் அமீரகம் பெற்ற தங்கம் 5. அவற்றுள் 4 ஜுஜிட்சுவுக்குரியவை. அந்நான்கில் பாதி பெண்கள் ஈட்டியவை. மகளிர் பிரிவுகள் இரண்டாகவே நீடித்திருப்பின் இவர்களுள் எத்தனை பேர் மேடை ஏறியிருப்பர்?

ஃபைசல் அல் கெத்பியின் வெற்றியிலும் ஒரு செய்தி உண்டு. முன்னர் அவர் வென்ற 94 கிலோ பிரிவு ஹாங்சோவில் இல்லை. அவர் 85 கிலோ பிரிவில் இறங்கினார், வென்றார். மகளிர்க்கு இடம் தருவதற்காக ஆடவர் பிரிவுகள் குறைந்தபோது, வாய்ப்பு பறிபோயிற்று என்று வருந்தியோர் சிலர் இருந்திருக்கலாம். வல்லவருக்கோ புல்லும் ஆயுதம்.

பிறந்தகமும் புகுந்தகமும்

இவ்விரு விழாக்களின் தங்கப் பட்டியலிலும் ஜப்பானின் பெயர் இல்லை. கலை பிறந்த நாடு தங்கம் இன்றி நிற்க, அமீரகமும் பிலிப்பைன்சும் கொரியாவும் கம்போடியாவும் வென்றன. இதுபோன்ற நிகழ்ச்சி முன்னரும் உண்டு. 1964ஆம் ஆண்டு தோக்கியோவில் ஜூடோவின் எடை வரம்பற்ற பிரிவில், ஜப்பானின் அகியோ கமினாகாவை நெதர்லாந்தின் அந்தோன் கீசிங் வென்றார். அன்று ஜப்பானிய மக்கள் கண்ணீர் வடித்தனர். ஆனால் அத்தோல்வியே ஜூடோ உலகப் பொதுச்சொத்து என்பதை மெய்ப்பித்தது. கலைக்குப் பிறந்தகமும் உண்டு, புகுந்தகமும் உண்டு. பிறந்தகத்திலேயே அடைந்து கிடக்கும் கலை முதுமையடைகிறது. கடல் கடந்து சென்று, வேற்று மண்ணின் உரத்தை உண்டு, புதுத்தளிர் விட்டுத் திரும்பும் கலையே வாழ்கிறது.

தட்டுதல் தாழ்வா?

இனி, முன்னர் எழுப்பிய வினாவுக்கு வருவோம். கை முறியும்வரை தட்டாத எலியோ கிரேசியின் உறுதியைப் பலர் போற்றினர். தனியொரு நாளில், தனியொரு போட்டியில் அது வீரமாகத் தோன்றலாம். ஆனால் நாள்தோறும் பயிலும் கூடத்தில் அவ்வீரம் உதவுமா? ஒருவர் தட்டாமல் இருந்தால் கை முறியும். ஆறு திங்கள் பயிற்சி நின்றுபோகும். இருவரும் தட்டத் தயாராக இருந்தால் ஒரே மாலையில் இருபது முறை தோற்று, இருபது பாடம் கற்று, நலமாக வீடு திரும்பலாம்.

முழு வலிமையுடன் பொருதுவதும், பொருதிய தோழனுக்கு ஊறு நேராமல் காப்பதும் ஒன்றற்கொன்று முரணானவை. அம்முரணைத் தீர்ப்பது இருமுறை தட்டும் அச்சிறு ஓசையே. அதற்கு இருவர் பொறுப்பாளர். தோற்றவன் உண்மையை மறைக்காமல் தட்ட வேண்டும். வென்றவன் அவ்வோசை கேட்ட நொடியில் விட்டுவிட வேண்டும். ஒருவன் செருக்குற்றாலும் மற்றவன் கொடியவனாக மாறினாலும் கலை குலைந்துவிடும். நினைவு தப்பும் நிலையில் உள்ளவன் தன் உயிரை எதிரியின் நேர்மையிடம் ஒப்படைக்கிறான். உலக விளையாட்டுகளில் இவ்வளவு பெரிய நம்பிக்கை இவ்வளவு எளிய செயலில் அடங்கியிருப்பது அரிது.

முடிவுரை

போர்க்களத்தில் பிறந்த ஜுஜிட்சு, வாளிழந்த சாமுராயின் கையிலிருந்து மெலிந்த மாணவரொருவரின் கைக்கும், அங்கிருந்து பிரேசிலின் உடன்பிறந்தார் கைக்கும், பின் அபுதாபியின் பள்ளிச் சிறாரிடமும் சென்று, ஆசிய விளையாட்டு விழாவை அடைந்தது. அங்கு அது சிறிய நாடுகளுக்குப் பெரிய மேடையைத் தந்தது. பெண்களுக்குரிய இடத்தைத் தர முதலில் தயங்கிப் பின்னர்ச் சமமாக வழங்கியது.

மாணவர்க்கு இவ்விளையாட்டு தரும் பாடம் பதக்கத்தினும் பெரிது. தேர்விலோ வாழ்விலோ கீழே விழுந்த ஒருவன் இரண்டு வகையில் தவறு செய்யலாம். விழுந்ததோடு எல்லாம் முடிந்தது என எண்ணுவது ஒன்று. விழவே இல்லை என்று சாதிப்பது மற்றொன்று. மல்லாந்து கிடப்பவனுக்கும் கால்கள் உண்டு, காப்பு உண்டு, புரட்டி எழும் வழியும் உண்டு. அவ்வழி அடைபட்டபோது, தட்டிவிட்டு எழுந்து, 'எங்கே தவறினேன்?' என்று வென்றவனையே கேட்பதும் உண்டு. மீசையில் மண் ஒட்டியிருக்கிறது என்று சொல்லத் துணிந்தவன் நாளை அதனைத் துடைத்துக்கொண்டு மீண்டும் கோதாவில் இறங்குவான்.